எச்.எம். வகுப்பறைக்குப் போக நேரம் வேண்டும்: எந்த வேலையை யாரிடம் கொடுத்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை | ஆகஸ்ட் 3, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக எனக்கு இது மூன்றாவது வருடம். 312 பிள்ளைகள், 13 ஆசிரியர்கள். இளநிலை உதவியாளர் பணியிடம் நான் சேர்ந்த நாள் முதல் காலி. ஆய்வக உதவியாளர் ஒருவரும் அலுவலக உதவியாளர் ஒருவரும் இருக்கிறார்கள்.

ஜூலையில் பத்து வேலை நாள், கால் மணிக்கொரு தடவை என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்தேன். கூட்டிப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. பத்து நாளில் நான் வகுப்பறைக்குள் இருந்தது ஆறே பாடவேளை. அதிலும் நான்கு, ஆசிரியர் விடுப்பு என்பதால் போய் உட்கார்ந்தது. மற்ற நேரமெல்லாம் சம்பளப் பட்டியல், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) திருத்தம், டி.சி. (மாற்றுச் சான்றிதழ்), உதவித்தொகைக்கு ஆதார் இணைக்காத வங்கிக் கணக்குகள், மோட்டார் பழுது, கூகுள் மீட், "உடனே அனுப்பவும்" என்று குரூப்பில் வரும் படிவங்கள்.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை பணிக்கு வந்து இரண்டாவது வருடம். "காரணிப்படுத்துதல் நடத்துறேன் சார், பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிபடல, ஒரு நாள் வந்து பாருங்க" என்று அவரே கூப்பிட்டிருந்தார். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோராவது நிமிடத்தில் அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். மாவட்ட அலுவலகத்திலிருந்து போன், வங்கிக் கணக்குப் பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் வேண்டுமாம். எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் அந்த ஆசிரியை "பரவாயில்ல சார்" என்றார். அந்த வார்த்தை என்னை ரொம்பவே வாட்டியது. உதவி கேட்டு வந்த ஆசிரியரைப் பதினோரு நிமிடத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான்.

நான் கேட்க வந்தது இதுதான். நீங்கள் எந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? எப்படி? கையெழுத்து யாருடையது? தப்பு நடந்தால் யார் பொறுப்பு? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மூத்த பி.டி. | ஆகஸ்ட் 3, இரவு 10:40

ஐயா, நான் ஏ.எச்.எம். (உதவித் தலைமையாசிரியர்) ஆக ஏழு வருடம் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வேலையைக் கொடுக்கிறவர்கள் சாவியைக் கொடுப்பதில்லை. முன்பு இருந்த ஒரு பள்ளியில் உதவித்தொகை வேலை முழுவதும் என் பொறுப்பு என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எச்.எம். சொன்னார். சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் சாதிச் சான்று நகல்கள் இருந்த பீரோவின் சாவி அவர் பையில். இணையதளத்தின் பாஸ்வேர்டு அவர் டைரியில். ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். அவர் சி.ஆர்.சி. (குறுவள மையம்) கூட்டத்துக்குப் போனால் எனக்கு வேலை நிற்கும். அவர் திரும்பி வந்தால் "இன்னும் முடியலையா?" என்பார். ஒரு மாதத்தில் வேலை தானாக அவரிடமே திரும்பிப் போனது. "யாரை நம்பிக் கொடுக்கிறது?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

அடுத்து வந்த எச்.எம். அம்மா முதல் வாரமே பணிப் பகிர்வு ஆணை என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். வேலை, பொறுப்பாளர், அவர் விடுப்பில் போனால் பார்ப்பவர், என்ன வரை அவரே முடிவெடுக்கலாம். கடைசி இருக்கிறதே, அதுதான் முக்கியம். 500 ரூபாய் வரை ரிப்பேர் என்றால் என்னைக் கேட்க வேண்டாம், பில்லைக் கொண்டுவந்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. குழாய் உடைந்தால் அவர் அறைக்கு ஆள் போவது அன்றோடு நின்றது.

கரும்பலகை38 | ஆகஸ்ட் 4, காலை 6:05

படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. 38 பிள்ளைகள். நான் எச்.எம்., எனக்கே ஒன்று முதல் மூன்று வரை 'எண்ணும் எழுத்தும்' (அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) வகுப்பு. நான்கு, ஐந்தை டீச்சர் பார்க்கிறார். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர்தான். 150க்கு மேல் போனால்தான் தொடக்கப் பள்ளிக்குத் தனியாக ஒரு தலைமையாசிரியர். இங்கே யாரிடம் எதை ஒப்படைப்பது?

ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் எச்.எம். தலையிலிருந்து பெரிய சுமையை இறக்கிவைத்த ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1982இல் சத்துணவு வந்தபோதே அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்கள் போட்டார்கள். அரிசி இருப்பும் காய்கறியும் அமைப்பாளர் கணக்கு. நாங்கள் தலையை எண்ணிச் சொல்லி, ருசி பார்த்து, மேற்பார்வை செய்தால் போதும். பக்கத்தில் கேரளத்தில் மதிய உணவுச் செலவைத் தலைமையாசிரியர்கள் கைக்காசில் போட்டு, பணம் வர இழுத்தடித்து, 2023இல் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அதே பிள்ளை, அதே சோறு. ஆள் போட்ட இடத்தில் எச்.எம்.முக்கு மூச்சுவிட முடிகிறது. 2022இல் வந்த காலை உணவிலும் எங்கள் ஊரில் மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். எட்டரை மணிக்கு நான் போகும்போது கிச்சடி தயாராக இருக்கும்.

இதைப் பார்த்துத்தான் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவியிடம் பேசினேன். அவர் பன்னிரண்டாவது வரை படித்தவர். கூட்டத் தீர்மானம் எழுதுவது, பாஸ்புக் பதிவு போட வங்கிக்குப் போவது, கழிவறை சுத்தம் பார்ப்பது, இந்த மூன்றும் இப்போது அவருடையது. முதலில் தீர்மான நோட்டைக் கையில் வாங்கவே பயந்தார். இப்போது போன மாதத் தீர்மானம் என்ன ஆச்சு என்று என்னையே கேட்கிறார்.

எமிஸ் மட்டும் எங்கேயும் போகவில்லை. செல்போனில், என் கையில்.

பத்தாம் வகுப்பு பி பிரிவு | ஆகஸ்ட் 4, மாலை 5:31

மன்னிக்கணும், இதை யாராவது சொல்லியாக வேண்டும். எச்.எம். தோளிலிருந்து இறங்கும் வேலை எங்கே போய் உட்காருகிறது? எங்கள் தோளில். எச்.எம். ஒன்பதாம் வகுப்பைப் போய்ப் பார்ப்பதற்காக, நான் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியல்) சரிபார்க்கிறேன். போன வருடம் டிசம்பரில் மட்டும் பதினான்கு பாடவேளை போனது. சமூக அறிவியல், பொதுத்தேர்வு வகுப்பு. அந்தப் பதினான்கு பாடவேளையை யார் திருப்பித் தருவார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே வந்து குவியும் பதிவு வேலையை அந்தப் பிரிவைக் காட்டி நாங்கள் தள்ள முடிவதில்லை.

ஆசிரியருக்குப் பகிர்ந்து கொடுப்பதை நான் ஒப்படைப்பு என்று ஏற்க மாட்டேன். பாடம் நடத்தாத ஊழியரிடம் போனால்தான் அது ஒப்படைப்பு. காலி இடத்தை நிரப்பக் கேளுங்கள். நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

வெண்ணாற்றங்கரை | ஆகஸ்ட் 4, இரவு 8:50

சார், நீங்கள் சொல்வது நியாயம். நானும் மனசுக்குள் போட்டு வைத்திருந்த பட்டியலில் முக்கால்வாசி ஆசிரியர் பெயர்தான். அதைக் கிழித்துவிட்டு மறுபடி போடுகிறேன். ஆசிரியர் ஒருவருக்கு வேலை போனால் அவர் பாடவேளையில் கைவைக்காமல் எப்படி என்பதையும் யோசிக்கிறேன்.

வன்னிப் பாடசாலை | ஆகஸ்ட் 6, இரவு 11:18

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நான் 1ஏபி பாடசாலை (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளது) ஒன்றில் பிரதி அதிபராக இருக்கிறேன்.

எங்களிடம் அமைப்பு ஓரளவு தெளிவாகவே இருக்கு. அதிபருக்குக் கீழே பிரதி அதிபர், உதவி அதிபர்கள், பிறகு பகுதித் தலைவர்கள். தரம் 6, 7 பிள்ளைகளின்ர வரவு, ஒழுக்கம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் அந்தப் பகுதித் தலைவர் பொறுப்பு. ஆசிரியர் வராவிட்டால் பதில் நேரசூசி (கால அட்டவணை) போடுவது எங்கட வேலை, அதிபரிட்ட போகாது. அலுவலகத்தில முகாமைத்துவ உத்தியோகத்தர் இருக்கிற பாடசாலையில சம்பளக் கடிதங்களும் அவரோட முடியும். சிறிய பாடசாலைகளில நிலைமை கரும்பலகை38 சேர் சொன்னது போலத்தான், அதிபரே எல்லாம்.

ஆனால் இவ்வளவு அடுக்கு இருந்தும் அதிபர் வகுப்பறைக்கு வாறாரா? எங்கட அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அபிவிருத்திச் சங்கத்துக்கும் இடையில ஓடிக்கொண்டிருக்கிறார். மிச்சமான நேரம் தானாக வகுப்பறைக்குப் போறதில்லை, அடுத்த கூட்டத்துக்குத்தான் போகுது. உள்ளக மேற்பார்வைப் படிவங்கள் மட்டும் ஒழுங்காகக் கோப்பில இருக்கும். நேரத்தை முதலிலேயே நேரசூசியில கட்டி வைக்காவிட்டால் நீங்கள் என்னத்தைப் பகிர்ந்து கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை, சேர்.

ஆவணக்காப்பகம் | ஆகஸ்ட் 7, காலை 10:02

வன்னிப் பாடசாலை சொன்னதற்கு ஒரு ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளில் சுமார் நூறு முதல்வர்களை மூன்று ஆண்டு, நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2013இல் வெளியானது. கற்பித்தல் தொடர்பான வேலைக்குப் போனது அவர்கள் நேரத்தில் 12.7 சதவீதம். அதிலும் அதிகம், வகுப்புகளைச் சும்மா ஒரு நடை எட்டிப் பார்த்து வருவது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த எட்டிப் பார்க்கும் நேரம் கூடிய பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி கூடவில்லை, குறைகிற பக்கமாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி தருவது, மதிப்பிட்டுப் பேசுவது, பாடத்திட்டத்தை வளர்ப்பது ஆகியவற்றில் நேரம் செலவிட்ட பள்ளிகளில்தான் முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியருக்கு நேரடிப் பயிற்சி என்று போன நேரமோ ஒரு சதவீதம்கூட இல்லை.

அதனால் வெண்ணாற்றங்கரை ஐயா, நேரத்தை மிச்சம் பிடித்து வராந்தாவில் நடந்தால் போதாது.

ஒப்படைப்பு எப்படி என்பதற்கு அதே நாட்டில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஒரு முறையைச் சொல்லலாம். பள்ளி நிர்வாகத்துக்கென்று ஒருவரை முதல்வருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நீங்கள் நோட்டில் குறித்த மாதிரியே முதல்வர் நேரத்தை முதலில் அளந்தார்கள். பிறகு அந்த நிர்வாகியும் முதல்வரும் தினமும் சில நிமிடம் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்ப்பார்கள். நேற்று எவ்வளவு நேரம் வகுப்பில் இருந்தீர்கள், எந்த ஆசிரியரிடம் அதைப் பேசினீர்கள், நாளை எந்த வகுப்பு. இன்னொன்று, "முதலில் பார்ப்பவர்" பட்டியல். பஸ் புகாரா, இவர். மதிய உணவா, அவர். பெற்றோர் வந்து முதல்வரைக் கேட்டால், விஷயம் என்ன என்று விசாரித்து அந்த ஆளிடம் அழைத்துப் போவார்கள். முதல்வர் கடைசி.

பத்தாம் வகுப்பு பி சொன்ன வாதத்துக்கு இங்கிலாந்து ஒரு சான்று. 2003 ஜனவரியில் அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நகல் எடுப்பது, பணம் வசூலிப்பது, வராத பிள்ளைகளை விசாரித்துப் பதிவது என 20க்கும் மேற்பட்ட வேலைகளை ஆசிரியர் வழக்கமாகச் செய்யக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். 2005 செப்டம்பர் முதல் கற்பிக்கும் நேரத்தில் 10 சதவீதம் பாடத் தயாரிப்புக்கென்று உறுதி செய்தார்கள். அதற்கு உதவியாளர் பணியிடங்களும் பெருகின. ஆள் இல்லாமல் ஆணை மட்டும் போட்டிருந்தால் நடந்திருக்காது.

சுண்ணக்கட்டி | ஆகஸ்ட் 7, இரவு 9:25

நான் கணக்கு பி.டி. (பட்டதாரி ஆசிரியர்), நான்கு வருடம் ஆகிறது. எச்.எம். வகுப்புக்கு வந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாடக்குறிப்பு இருக்கா, வேலைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாச்சா, பின்னால் இரண்டு பேர் பேசுறாங்க பாருங்க. இவ்வளவுதான் நடக்கும். இதற்காக எச்.எம்.முக்கு நேரம் மிச்சம் பிடிப்பானேன் என்றுகூட முன்பு நினைத்திருக்கிறேன்.

போன வருடம் எங்களுக்கு வந்த எச்.எம். அம்மா தமிழாசிரியை. கணக்கு தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, அந்த மூன்று நோட்டைத்தான் பார்த்தார். மணி அடித்ததும் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். x² + 5x + 6 கணக்கில் இரண்டு பிள்ளைகள் 6க்கு 1, 6 என்று மட்டும் எழுதிவிட்டு, கூட்டினால் 7 வருகிறதே என்று நின்றுவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை 2, 3 எழுதி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. "இந்த ரெண்டு பேரும் அடுத்த ஜோடியைத் தேடணும்னே நினைக்கலம்மா. ஏன்னு எனக்குப் புரியல, உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் போர்டில் எப்போதும் சரியான ஜோடியைத்தான் முதலில் எழுதுகிறேன். தப்பான ஜோடியை எழுதி, சரிவரவில்லை என்று அடித்துக் காட்டியதே இல்லை. மறுநாள் எல்லா ஜோடியையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன்.

சாயங்காலம் பத்து நிமிடப் பேச்சு அது. அந்தப் பத்து நிமிடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்றால், எமிஸ் வேலை முழுவதையும் லேப் பார்க்கிறவரிடம் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தபிறகே கொடுத்தார்.

தனியார் பள்ளி முதல்வர் | ஆகஸ்ட் 8, பகல் 1:15

எங்களுக்கு நிர்வாக அலுவலர் தனியாக உண்டு. கட்டணம், வேன், சீருடை எல்லாம் அவர். இருந்தும் பெற்றோர் "பிரின்சிபாலைத்தான் பார்க்கணும்" என்பார்கள். மூன்று முதல் நான்கு மணி வரை மட்டும் சந்திப்பு என்று கேட்டில் எழுதி வைத்தேன். முதல் மாதம் சண்டை, பிறகு பழகிவிட்டது. பிள்ளைக்கு அடிபட்டது, பிள்ளை அழுகிறது என்றால் மட்டும் எந்த நேரமும் என் கதவு திறந்திருக்கும்.

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 11, மாலை 6:44

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்சடித்து மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

முதலில் கொடுத்தவை. எமிஸ் திருத்தம், வங்கிக் கணக்கு விவரம் இரண்டும் ஆய்வக உதவியாளரிடம். அலுவலகத்துக்கென்று தனி சிம் வாங்கி, மாற்ற முடிந்த கணக்குகளின் ஓ.டி.பி.யை அதற்கு மாற்றிக்கொடுத்தேன். பீரோ சாவி இரண்டாவது செட் அவரிடம். விலையில்லா நோட்டுப் புத்தக இருப்பு, குடிநீர், சின்ன ரிப்பேர் எல்லாம் அலுவலக உதவியாளரிடம், மூத்த பி.டி. சொன்னபடி 500 ரூபாய் வரம்போடு. சுற்றுச்சுவர் வேலைக்கு ஊராட்சி அலுவலகம் போய்வருவது எஸ்.எம்.சி. உறுப்பினர் இருவர். ஆசிரியர்களில் ஒருவருக்கு மட்டுமே வேலை கொடுத்தேன், பதில் பாடவேளை போடுவது. அதற்கு ஈடாக அவருடைய வாரத்தில் இரண்டு பாடவேளையை நான் எடுத்துக்கொண்டேன், ஆறாம் வகுப்பு அறிவியல். ஸ்டாஃப் மீட்டிங் நோட்டில் அதையும் எழுதினேன், பத்தாம் வகுப்பு பி சாரை நினைத்துத்தான்.

கொடுக்காதவை: சம்பளப் பட்டியல், பண வரவு செலவு, பிள்ளைகள் மீதான புகார், பிள்ளைகள் தரும் புகார். பணம் எடுத்து வழங்கும் அதிகாரி நான்தான். அதில் தப்பு வந்தால் என் கையெழுத்துதான் பேசும்.

ஒரு தப்பு நடந்தது, மறைக்கக் கூடாது. செப்டம்பரில் ஒரு பெண்ணுக்கு டி.சி. போட்டோம். அப்பா பெயர் காளிதாசன். அட்மிஷன் ரெஜிஸ்டரில் தமிழ் முதலெழுத்து "கா". டி.சி.யில் "கே" என்று வந்துவிட்டது, ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் போட்டதால். நான் ரெஜிஸ்டரைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவள் புதிதாகச் சேரப் போன பள்ளியில் திருத்தி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா 14 கிலோமீட்டர் பஸ் பிடித்து இரண்டு தடவை வந்தார், நடவு வேலைக் கூலி இரண்டு நாள் போனது. டி.சி.யைத் தயாரித்த ஆய்வக உதவியாளர்தான் ரொம்பக் கலங்கினார். தப்பு அவருடையது என்று நான் சொல்லவில்லை. ஒப்படைத்த வேலையைச் சரிபார்ப்பது என் வேலை, அதை நான் விட்டுவிட்டேன். இப்போது ரெஜிஸ்டரை அவர் வாய்விட்டு வாசிக்க, நான் டி.சி.யைப் பார்த்துக்கொண்டே வருவேன். பிறகுதான் பேனா. மூன்று நிமிடம் ஆகிறது.

வகுப்பறைக் கணக்கு: வாரத்துக்கு ஐந்து பாடவேளை நேரசூசியிலேயே கட்டிவிட்டேன் (வன்னி சேர் வார்த்தையையே எடுத்துக்கொண்டேன்). அந்த நாற்பது நிமிடம் அலுவலகப் போனை ஆய்வக உதவியாளர் எடுத்து, "எச்.எம். வகுப்பில் இருக்கார், இத்தனை மணிக்குப் பேசுவார்" என்று சொல்லி நோட்டில் எழுதிவைப்பார். மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கோபித்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை முதல் விவரத்தை உதவியாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அவரிடம்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடி போனேன். சுண்ணக்கட்டி அவர்கள் எழுதியதை அந்த ஆசிரியையிடம் காட்டிவிட்டுத்தான் போனேன். பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பையனுக்குக் காரணி தேடுவது பிரச்சினையே இல்லை, குறை எண்களைப் பெருக்கினால் என்ன குறி வரும் என்பதே ஏழாம் வகுப்பிலிருந்து நிற்கவில்லை. அப்படி இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் அவர்களை நானும் அந்த ஆசிரியையும் ஆளுக்கு ஐந்து பேராகப் பிரித்துக்கொண்டு பார்க்கிறோம்.

மூத்த பி.டி. | அக்டோபர் 11, இரவு 8:03

மனசு நிறைந்தது ஐயா. அந்த டி.சி. விஷயத்தை எழுதியதற்கு என் வணக்கம். ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்ததும் உங்கள் ஆய்வக உதவியாளரைத் தேர்வுப் பணிக்கு எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 11, இரவு 9:30

அதற்கு இன்னும் என்னிடம் வழி இல்லை. அலுவலக உதவியாளரை எமிஸ் பார்க்க இப்போதே பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். அவர் எட்டாவது வரை படித்தவர், தட்டச்சு மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் ஆர்வமாகக் கற்கிறார். இளநிலை உதவியாளர் பணியிடத்துக்கு எஸ்.எம்.சி. தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். தேர்வுக் காலத்தில் யாராவது வேறு ஏற்பாடு செய்து பார்த்திருந்தால் ஜனவரிக்குள் எழுதுங்கள். அந்த ஐந்து பாடவேளையை மார்ச்சில் இழக்க எனக்கு மனசில்லை.